அதிகாரியாகப் போகிறவரும் முதலில் ரெக்ரூட் ஆகட்டும்

காரைக்குடிப் பக்கம் விடியற்காலையில் ஓடுகிற பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. சிப்பாயாகச் சேர, அக்னிவீர் தேர்வுக்கு ஓடுகிறவர்கள் ஒரு வகை. பிளஸ் டூ முடித்து என்.டி.ஏ., பட்டம் முடித்து சி.டி.எஸ். என்ற தேர்வுகளை எழுதி அதிகாரியாகப் போக நினைக்கிறவர்கள் இன்னொரு வகை. ஒரே செம்மண்ணில்தான் ஓடுகிறார்கள். ஆனால் இதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் பயிற்சி எடுக்கப்போவதே இல்லை. சிப்பாய்க்குப் பயிற்சி தரும் ரெஜிமென்ட் சென்டர், அதிகாரிக்குப் பயிற்சி தரும் அகாடமி இரண்டையும் கடந்து வந்தவர்கள் என்ற முறையில் எங்கள் கருத்து இது: அகாடமிக்குப் போகிற எல்லாரும் முதலில் 10 வாரம் ரெக்ரூட்டாக, அதாவது பயிற்சியிலிருக்கும் புதுச் சிப்பாயாக, இருந்துவிட்டுப் போகவேண்டும். ஏன் என்பதையும், இப்போதிருக்கும் வழிகளில் எங்கே கால் இடறும் என்பதையும் சொல்கிறோம்.

முதலில் சிப்பாய் வழி. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டமும் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குக் கீழ் வருகின்றன. 2023 முதல் ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில், மைதானம் பிறகு. மைதானத்தில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். புல்-அப் 10 எடுத்தால் 40. 9 அடிப் பள்ளமும் ஜிக்ஜாக் பேலன்ஸும் தேறினால் போதும். ஓட்டத்தில் நன்றாக வருகிற நம் பையன்கள் புல்-அப்பில் 6, 7 என்று நின்று 24 மதிப்பெண் வரை கோட்டை விடுகிறார்கள். தினமும் ஓடிவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை கம்பியைத் தொட்டால் அப்படித்தான் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் தொங்கவேண்டும்.

தேறியபின் சென்டர். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல். சமவெளியில் கிடைத்த ஓட்ட நேரம் அங்கே முதல் இரண்டு மூன்று வாரம் கிடைக்காது. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை, உடம்பு பழகிவிடும். நிஜமான ஆபத்து முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. மண்தரையில் வெறுங்காலிலோ கேன்வாஸ் ஷூவிலோ ஓடிப் பழகிய கால், திடீரென்று கனமான பூட்ஸோடு டிரில் ஸ்கொயரின் கெட்டித் தரையில் குதிகாலை அடிக்கத் தொடங்கும்போது, முன்னெலும்பில் வலி வரும். வலியை மறைத்துக்கொண்டு ஓடினால் எலும்பில் கீறல் விழும். அப்புறம் ஆஸ்பத்திரிப் படுக்கை, அடுத்த பேட்சோடு மறுபடி முதலிலிருந்து. இதைத் தவிர்க்க, போவதற்கு 8 வாரம் முன்பே பூட்ஸ் வாங்கி அதில் நடக்கவேண்டும். ஓடக்கூடாது, நடக்கவேண்டும். ஓடுகிற தூரத்தை ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக்கூடாது.

இந்தி இன்னொரு தடை. முழு மொழியும் வேண்டாம். சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பாயேன் முட், பீச்சே முட், தேஸ் சல், தம்: இந்த டிரில் உத்தரவுகள் காதில் விழுந்ததும் கால் அசைய வேண்டும். வார்த்தையை மனதுக்குள் தமிழாக்கிவிட்டுத் திரும்பினால் அரை விநாடி பிந்தும். பயிற்சி கொடுக்கும் உஸ்தாதுக்கு அந்த அரை விநாடி போதும், ரகடா என்கிற உடம்பை வாட்டும் தண்டனை ஆரம்பித்துவிடும்.

அக்னிவீரருக்கு மொத்தம் 31 வாரம். அதில் முதல் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி, மீதி 21 வாரம் அவரவர் பிரிவுக்கான மேல்பயிற்சி. அந்த 21 வாரத்தின் விஷயங்களை அகாடமி தன் வழியில் கற்றுக்கொடுத்துவிடுகிறது. துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவது, சுடுவது, வரைபடம் பார்ப்பது, முழுச் சுமையோடும் துப்பாக்கியோடும் 5 கிலோமீட்டர் ஓடுவது எல்லாம் அங்கே உண்டு. முதல் 10 வாரத்தை அங்கே கற்றுக்கொடுக்க முடியாது. அகாடமி வாழ்க்கை லேசானது என்று யாரும் நினைக்கவேண்டாம். ரகடாவுக்கு அங்கேயும் குறைவில்லை. ஆனால் அங்கே பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நாளைக்கு அதிகாரிதான். உஸ்தாத் திட்டும்போதே 'சார்' என்று சேர்த்துத் திட்டுவார். காரணம் சொல்லப்படாத உத்தரவின் கடைசிப் படியில் நிற்பது எப்படியிருக்கும் என்பது அங்கே தெரியவராது.

இரவுக் காவலை எடுத்துக்கொள்ளுங்கள். 10–12, 12–2, 2–4, 4–6 என்று இரண்டிரண்டு மணி நேரம். தாளில் நான்கும் சமம். 10–12 நின்றவருக்கு அப்புறம் நாலரை மணி நேரத்துக்கு மேல் தூக்கம் சேர்ந்தாற்போலக் கிடைக்கும். 2–4 நிற்பவர் பத்து மணிக்குப் படுத்து ஒன்றரைக்கு எழுப்பப்படுவார். பூட்ஸ் மாட்டி, ஆயுதம் வாங்கி, நின்று, திரும்பி வந்து ஆயுதத்தை ஒப்படைத்துப் படுக்கும்போது நாலேகால் ஆகியிருக்கும். ஐந்துக்கு எழுப்பும் விசில். இதே ஆளை அடுத்தடுத்து மூன்று இரவு அந்த நேரத்தில் போட்டால் நான்காம் நாள் ஓட்டத்தில் தள்ளாடுவார், சுடும்போது கை நடுங்கும். பட்டியலில் கையெழுத்துப் போடுகிற லெஃப்டினன்ட், தான் ஒரு வாரமாவது 2–4 நின்றிருந்தால் பெயர்களைச் சுற்றிவிடுவார். நிற்காதவர் கண்ணுக்கு நான்கு கட்டமும் ஒன்றாகவே தெரியும்.

புறப்படும் நேரமும் அப்படித்தான். கம்பெனி கமாண்டர் "காலை ஐந்து மணிக்கு வண்டி கிளம்பும்" என்கிறார். சுபேதார் 4.45 என்கிறார். பிளாட்டூன் ஹவில்தார் 4.30 என்கிறார். செக்‌ஷன் கமாண்டர் 4.15 என்கிறார். ஒவ்வொருவரும் தன் பாதுகாப்புக்காகக் கால் மணி நேரம் வைத்துக்கொள்கிறார். கடைசி ஜவான் மூன்று மணிக்கு எழுந்து கொசுவலையை மடித்து, பெட்டி கட்டி, இருட்டில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யார் மேலும் குற்றமில்லை, ஆனால் ஒரு இரவு போய்விட்டது. அந்த வரிசையில் உட்கார்ந்து பார்த்த அதிகாரி, நேரத்தைச் சொல்லும்போதே "4.45க்கு முன்னால் யாரும் ஃபால்-இன் ஆகவேண்டாம்" என்றும் சேர்த்துச் சொல்வார்.

சிங்கப்பூர் இதை நடைமுறையில் வைத்திருக்கிறது. தேசிய சேவைக்குப் போன பேரப்பிள்ளைகள் நம் பக்கத்துப் பல வீடுகளில் இருக்கிறார்கள், கேட்டுப்பாருங்கள். ராணுவத்துக்குப் போகிற எல்லாரும் முதலில் ரெக்ரூட்தான், பெரும்பாலும் தெக்கோங் தீவில். அதில் தேறியவர்களைத்தான் அதிகாரிப் பள்ளிக்கு எடுக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்திலும், பட்டம் முடித்து நேராக ஓ.சி.எஸ். என்ற அதிகாரிப் பள்ளி வழியில் வருகிறவர் முதலில் சிப்பாய்களோடு 10 வாரம் அடிப்படைப் பயிற்சி முடித்தாக வேண்டும், அப்புறம்தான் 12 வார அதிகாரிப் பயிற்சி.

இதற்கு வருகிற வலுவான ஆட்சேபம் ஒன்று: ரெக்ரூட்டாக இருந்தபோது தடுமாறி விழுந்ததைப் பார்த்தவர்கள், நாளைக்கு அவரை அதிகாரியாக மதிப்பார்களா? நம் ஊருக்கு இதன் பதில் பழையது. பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி நடந்த காலத்தில், வசதியான வீட்டுப் பிள்ளையும் கடையின் கடைசிப் படியான பெட்டியடிப் பையனாகத்தான் தொடங்குவான். அடுத்தாள், மேலாள் எல்லாம் அப்புறம். பல குடும்பங்களில் சொந்தக் கடையில் விடாமல் வேறொருவர் கடையில் கொண்டுபோய் விட்டார்கள். அதையே இங்கும் செய்யலாம். காலாட்படைக்குப் போகப்போகிறவரைப் பொறியாளர் சென்டரில் விடலாம், வடக்கே போகிறவரைத் தெற்கே விடலாம். 10 வாரம் கூடுவதால் அதிகாரிகள் வருவது தாமதமாகும் என்பார்கள். சி.டி.எஸ். வழியில் டேராடூனில் 18 மாதம், பரங்கிமலையில் 49 வாரம், என்.டி.ஏ. வழியில் நான்கு வருடம். இவற்றின் முன்னால் 10 வாரம் பெரிய பாரமில்லை.

முழுக்கச் சிப்பாயாகவே இருந்துவிட்டு வரவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அந்த வழி தனியாக இருக்கிறது: ஏ.சி.சி. 1929இல் நௌகாங்கில் கிச்சனர் கல்லூரியாகத் தொடங்கி, 1960இல் ஆர்மி கேடட் காலேஜ் ஆகி, 1977இல் டேராடூனுக்கு வந்தது. பிளஸ் டூ, குறைந்தது 2 வருட சேவை, 20 முதல் 27 வயது, கமாண்டிங் ஆபீசரின் பரிந்துரை. எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. (அதிகாரித் தேர்வு வாரியம்), மெடிக்கல். பிறகு மூன்று வருடம் ஏ.சி.சி., ஜே.என்.யு. பட்டம், ஒரு வருடம் ஐ.எம்.ஏ. (டேராடூன் அகாடமி). அதிகாரியாகும்போது பலர் முப்பதை நெருங்கிவிடுவார்கள். அத்தனை நாள் கீழேயே இருப்பதில் ஒரு நஷ்டமும் உண்டு, அது எஸ்.எஸ்.பி.யில் வெளிப்படும்.

குழுப் பணியில் பலகை, கட்டை, கயிறு கொடுத்துத் தடையைக் கடக்கச் சொல்வார்கள். தலைவர் என்று யாரையும் நியமிக்க மாட்டார்கள். கல்லூரியிலிருந்து வந்தவர் தப்பான யோசனையையாவது சொல்லிவிடுவார். சிப்பாயாக வந்தவர் உத்தரவுக்குக் காத்து நிற்பார், பலகையை மட்டும் ஒழுங்காகப் பிடிப்பார். சூழ்நிலைத் தேர்வில் 30 நிமிடத்தில் 60 கேள்வி. பாதிக்கு மேல் "மேலதிகாரியிடம் தெரிவிப்பேன்" என்று எழுதிவைத்தால் தேறுவது கடினம். தெரிவித்துவிட்டு, அவர் வரும்வரை தான் என்ன செய்வார் என்பதையும் எழுதவேண்டும். 10 வாரத்தில் உத்தரவுக்குக் காத்திருக்கும் இந்தப் பழக்கம் எலும்பில் ஊறாது, வருடங்களில் ஊறிவிடும். அதனால்தான் 10 என்கிறோம்.

விதி மாறும்வரை, நேரடியாக அகாடமிக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். பல பட்டாலியன்களில் புதிதாக வரும் அதிகாரியை முதல் சில வாரம் ஜவான்களோடு பாரக்கில் தங்கவைத்து, அவர்களுடைய லங்கரில் (பொதுச் சமையல்கூடத்தில்) சாப்பிட வைக்கும் வழக்கம் உண்டு. அதைச் சடங்காக எண்ணி நாளைக் கடத்திவிடாதீர்கள். படுக்கையை நீங்களே சுருட்டுங்கள், மெஸ் டின்னை நீங்களே கழுவுங்கள். சீனியர் ஜே.சி.ஓ.விடம் (சுபேதார் போன்றவரிடம்) முறையாகக் கேட்டு, ஒரு வாரத்துக்கு 2–4 காவலில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.