குடும்ப மரம் வரையத் தெரிந்த பிறகு மரபணு

மரபணு ஆலோசகர் படிப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் உயிரியலில் கெட்டி. பிறழ்வு, குரோமோசோம் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்வார்கள். எதிரே ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்ததும்தான் திணறல் தொடங்கும். நீலகிரியில் பயிற்சி எடுப்பவர்களுக்கு, ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயைவிட நல்ல ஆசிரியர் கிடையாது என்பது எங்கள் கட்சி.

இந்தியாவில் இந்த நோயின் மரபுத் தன்மை முதலில் பதிவானதே இந்த மலையில்தான். 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அறிவியல் நாலு வரி. 11-ஆம் குரோமோசோமில், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. புரதத்தின் 6-ஆவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வேலின் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு பிரதியும் அப்படியானால் நோய், ஒன்று மட்டும் என்றால் கேரியர், அதாவது தனக்கு நோயில்லாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர். இதை ஒரே நாளில் படித்துவிடலாம். இரண்டு வருடம் மீதிக்குத்தான்.

மீதி என்பதில் முதலாவது குடும்ப மரம். மூன்று தலைமுறை, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு உள்ளே கறுப்பு, சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரட்டைக் கோடு. வரைவது எளிது, கேட்பதுதான் கடினம். ‘அண்ணன்’ என்றால் உடன்பிறந்தவரா, பெரியப்பா மகனா என்று ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும். விட்டால் மரமே தப்பு. ‘சின்ன வயசில் காய்ச்சலில் போய்ட்டான்’ என்று வந்தால் அதோடு நிற்காமல், எத்தனை மாதத்தில், கை கால் வீங்கியதா, மூட்டு வலித்ததா, ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்கவேண்டும். கருக்கலைந்ததைக் கணவர் எதிரில் கேட்கக்கூடாது.

‘சொந்தத்தில் கட்டாதீர்கள்’ என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிற பழக்கம் இங்கே பாதி உண்மைதான். மாமன் மகளைக் கட்டினால் பிள்ளையின் உள்ளினக் கெழு, அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, 1/16, தாய்மாமனையே கட்டினால் 1/8. இந்தக் கணக்கு அபூர்வ நோய்களுக்குப் பெரிதாகப் பேசும். ஆனால் கேரியர்கள் நிறைய இருக்கிற ஒரு சமூகத்தில், துளியும் சொந்தமில்லாத மாப்பிள்ளையும் கேரியராக இருக்கலாம். ஆகவே இருவர் ரத்தத்தையும் பார்ப்பதுதான் வேலை. மனைவி கேரியர் என்று தெரிந்தால் கணவர் ரத்தத்தையும் அன்றே எடுத்துவிடுவது நல்லது. எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு இன்னொரு நாள் பஸ் ஏறி வருவார் என்று நம்பக்கூடாது.

பரிசோதனையின் பலவீனங்களை ஆலோசகர் லேப் ஆளுக்குச் சமமாக அறிந்திருக்கவேண்டும். கரைதிறன் சோதனையில் 2 மி.லி. கரைசலில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் உள்ள கோடுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். கலங்கிக் கோடுகள் மறைந்தால் ரத்தத்தில் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆனால் அது கேரியரா நோயா என்று அந்தக் கலங்கல் சொல்லாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, கடும் ரத்தசோகை உள்ளவர், அண்மையில் ரத்தம் ஏற்றியவர், இவர்களிடம் முடிவு ஏமாற்றும். பிரிட்ஜிலிருந்து எடுத்த கரைசலைச் சூடேறவிடாமல் பயன்படுத்தினாலும் தப்பாகும். ஊட்டிக் காலையில் இதற்குப் பொறுமை வேண்டும். உறுதி செய்வது ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கேரியரிடம் இயல்பான ஹீமோகுளோபின் ‘ஏ’ அதிகம், அரிவாள் ஹீமோகுளோபின் ‘எஸ்’ குறைவு. ரத்தம் ஏற்றாத ஒருவரிடம் இது தலைகீழாக இருந்தால் பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் கோளாறும் சேர்ந்திருக்கிறதா என்று சந்தேகிக்கவேண்டும்.

கணவன் மனைவி இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர வாய்ப்பு 25 சதவீதம். முடிவு சொல்லும்போது அந்த ‘25 சதவீதம்’ யார் காதிலும் ஏறாது. இரண்டு ரூபாய்க் காசுகளை மேசையில் வைத்து, ஒன்று அம்மா, ஒன்று அப்பா என்று சொல்லிச் சுண்டிக் காட்டலாம். இரண்டிலும் தலை விழுந்தால் நோய், ஒன்றில் மட்டும் விழுந்தால் கேரியர். ‘ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராதே?’ என்ற கேள்வி அநேகமாக வரும். மறுபடி சுண்டிக் காட்டவேண்டும். காசுக்கு முந்தின சுண்டல் நினைவிருக்காது. கேரியர் பின்னாளில் நோயாளி ஆகமாட்டார் என்பதையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.

மொழிபெயர்க்கச் சொந்தக்காரரை உட்கார வைக்காதீர்கள். மாமியார் வழியாகப் போகும் முடிவு ஊரெல்லாம் போகும், பெண்ணின் கல்யாணத்தைத் தொடும். அந்தச் சமூகத்திலிருந்தே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் இருந்தால் நல்லது.

கருவிலேயே பார்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. கருவில் செய்யும் பரிசோதனைகளை ஒழுங்குபடுத்தும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஹீமோகுளோபின் கோளாறுகள் உண்டு. பாலினம் சொல்லக்கூடாது, எழுத்தில் சம்மதம் வேண்டும். நஞ்சுக்கொடி மாதிரி 11-லிருந்து 13 வாரத்துக்குள் எடுப்பார்கள். ஐந்தாம் மாதம் வந்து நிற்பவருக்கு அந்த வாசல் மூடியிருக்கும். எனவே கல்யாணத்துக்கு முன்போ முதல் பிரசவத்துக்குப் பின்போ பேசுவதுதான் பயன். கலைப்பதா வைத்துக்கொள்வதா என்பதை ஆலோசகர் சொல்லக்கூடாது. ‘நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்டாலும்.

கடைசியாகக் கையில் ஒரு தமிழ்க் கடிதம் கொடுக்கவேண்டும். யார் யார் ரத்தம் பார்த்தாயிற்று, யாருடையது பாக்கி, குழந்தையை மறுபடி எப்போது கூட்டிவரவேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். நோய் உள்ளவருக்கு ஹைட்ராக்ஸியூரியா மருந்து, தடுப்பூசி, நிறையத் தண்ணீர், மார்கழிக் குளிரில் கம்பளி ஆகியவற்றையும் எழுதவேண்டும். குளிர் வலியைக் கிளப்பிவிடும்.