ஆலைக் காற்றும் கொழுப்புக் கல்லீரலும்
கொழுப்புக் கல்லீரல் என்றாலே தொப்பையைக் குற்றம் சாட்டுகிறவர்களுக்கு, அமெரிக்காவின் லூயிவில் நகர ரசாயன ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வை நான் நினைவூட்டுவதுண்டு. பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் வினைல் குளோரைடு வாயுவுக்கு மிகுதியாக ஆட்பட்ட, உடல்பருமன் இல்லாத 25 பேரில் 80 விழுக்காட்டினருக்குக் கல்லீரலில் கொழுப்போடு அழற்சியும் இருந்தது; ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. நொதியின் அளவோ பெரும்பாலோருக்கு இயல்பாகவே இருந்தது. (அந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துத்தான் நாம் நிம்மதியடைகிறோம்.) அவ்வாயுவைக் கல்லீரல் சிதைக்கையில் உண்டாகும் குளோரோஅசிட்டால்டிஹைடு, செல்களைக் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானான குளூட்டதயோனைத் தீர்த்துவிடுகிறது.

அப்படியானால் வைட்டமின் இ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைக் கொடுத்தால் போதாதா? அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், நாள்தோறும் 800 யூனிட் வைட்டமின் இ-யை 96 வாரங்கள் உட்கொண்ட, நீரிழிவற்ற கொழுப்புக் கல்லீரல் அழற்சி நோயாளிகளில் 43 விழுக்காட்டினரும், போலி மாத்திரை பெற்றவர்களில் 19 விழுக்காட்டினரும் முன்னேறினர்; ஆனால் கல்லீரலில் விழுந்த தழும்பு குறையவில்லை. அந்த ஆய்வு ஆலைத் தொழிலாளரைப் பற்றியதல்ல; எனவே அதே மருந்துச் சீட்டை அவர்களுக்கும் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.