ஏழாம் வகுப்பு, மூன்றாம் பாடவேளை

ஜூலை 21, திங்கள்

தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் இன்று கோயில் தெரு வரைக்கும் வந்துவிட்டது. போன வாரம்கூட மெயின் ரோட்டோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

பிற்காலச் சோழர்களை ஆரம்பித்தேன். விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதினால் வாய்ப்பாடு போல ஒப்பித்துவிடுவார்கள். மறுநாள் கேட்டால் ஆதித்தன் யாருக்கு அப்பா என்று அடிதடி நடக்கும். ராஜேந்திரன் கங்கை வரை போனதையும் கடல் தாண்டியதையும் நாளை ஒரே பாடவேளையில் முடித்துவிடப் போகிறேன். குடவோலைக்கு, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒன்றை எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்த முறைக்கு, ஒரு வாரம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அந்த விதிகளைக் கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூர் இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். வகுப்பில் பாதிப் பேருக்கு அது துணி எடுக்கப் போகும் ஊர். பாடக்குறிப்பில் இப்படியெல்லாம் எழுதவில்லை. அதை யார் படிக்கிறார்கள்?

ஜூலை 23, புதன்

உபரி ஆசிரியர் பட்டியல் வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

குடவோலைக்கு நிற்க உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள தகுதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். வரி கட்டும் நிலம் கால் வேலிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு. வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில், இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது.

கால் வேலி எவ்வளவு என்று கேட்டார்கள். வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர், அப்படியானால் கால் வேலி எவ்வளவு, நீங்களே வகுத்துப் பாருங்கள் என்றேன். ஒன்றரை ஏக்கர் சொச்சம் என்று விடை வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக் கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டார்கள். "குத்தகை நிலம் சேருமா, டீச்சர்?" சேராது. "பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது." அப்படியானால் தாத்தா நிற்கலாம். "எங்கள் வீடு புறம்போக்கில் இருக்கிறது." நிலத்தோடும் மனையோடும் நிறுத்திக்கொண்டபோதே இரண்டு பையன்கள்தான் மிஞ்சினார்கள். வேதம் என்றதும் அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் நிற்கலாமா என்று கேட்டவளுக்கு இல்லை என்று சொன்னேன். அதை நான் போட்ட சட்டம் போல முறைத்தாள்.

அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர், சதுர்வேதிமங்கலம் என்று பெயர், அந்தச் சபையில் இருந்தவர்கள் அவர்கள்தான் என்று விளக்கினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அந்தக் குடத்தைச் செய்தவருக்கு ஓலை உண்டா?" என்றான். கிடையாது. ஏரிக்கு மண் சுமந்தவருக்கும் கிடையாது, உழுதவருக்கும் கிடையாது.

ஜூலை 25, வெள்ளி

ஆசிரியர் அறையில் விவாதம். சின்னப் பிள்ளைகளிடம் அதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறார் ஒருவர். பெருமைக்கு அங்கே என்ன குறை? கணக்குக் காட்டாதவனை ஒதுக்கிவைத்ததோடு நிற்காமல் அவன் மாமன், மைத்துனன், மருமகன் வரைக்கும் விலக்கியிருக்கிறார்கள். 919இல் ஒரு முறை எழுதிய விதிகளை 921இல் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னாலே நெஞ்சு நிமிரும். யாருக்கு இடம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் கல்வெட்டு ஒன்றும் உதிர்ந்துவிடாது.

அவர் டீயைக் குடித்துவிட்டு, "பட்டியலில் யார் யார் பெயர் வரும் என்று ஏதாவது தெரிந்ததா?" என்றார். எல்லாப் பேச்சும் அங்கேதான் போய் முடிகிறது.

ஜூலை 26, சனி

பதினைந்து பேரோடு உத்திரமேரூர் போய் வந்தேன். வைகுண்டப் பெருமாள் கோயிலில் அடித்தளத்திலிருந்து சுவர் முழுக்க எழுத்து. பையன்கள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஐஸ் வண்டியை நோக்கி நகர்ந்தார்கள். மீதிப் பேருக்கு ஒரு வேலை கொடுத்தேன்: தெரிந்த எழுத்தைக் கண்டுபிடியுங்கள், கை வைக்காமல். 'ட'வும் 'ப'வும் அகப்பட்டன. பிறகு போட்டி சூடு பிடித்தது.

ஏன் கல்லில் வெட்டினார்கள் என்று கேட்டேன். அழியாமல் இருக்க என்றார்கள், வழக்கம் போல. சவுக்கு வெட்டப் போகும் குடும்பத்துப் பெண் மட்டும், "நோட்டில் எழுதினால் மாற்றிவிடுவார்கள், டீச்சர். அப்பா வாங்கிய முன்பணத்தை அப்படித்தான் கூட்டி எழுதிவிட்டார்கள்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் எழுத்துத் தேடப் போய்விட்டாள்.

ஜூலை 28, திங்கள்

மழை. நான்கு பேர் டி.சி. கேட்டு வந்தார்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். ஒத்திப் போட்டிருக்கிறாராம், வெள்ளிக்கிழமை வரைக்கும்.

ஜூலை 30, புதன்

வகுப்புக்குள் குடவோலை. விதிகளை அவர்களே எழுதினார்கள். நிலம் கிடையாது, வீடு கிடையாது, ஆண் பெண் இருவரும் நிற்கலாம். போன ஆண்டு சாக்பீஸ் டப்பாவுக்குக் கணக்குச் சொல்லாதவனும் அவன் தம்பியும் நிற்கக் கூடாது. (தம்பி ஐந்தாம் வகுப்பு. இருந்தாலும் விதி விதிதான்.)

ஒருவன் பச்சைப் பனையோலை நறுக்கிக்கொண்டு வந்தான். பால்பாயிண்ட் பேனா வழுக்கிக்கொண்டு போனது. ஆணியால் கீறினார்கள், எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. சத்துணவுக் கூடத்திலிருந்து கரி வாங்கித் தேய்த்துத் துடைத்ததும் பெயர் கறுப்பாக எழும்பி வந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார்.

குடத்தைக் கவிழ்த்துக் காலி என்று எல்லோருக்கும் காட்டினார்கள். விவரம் அறியாத சிறுவன்தான் எடுக்க வேண்டும் என்பதால் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒருவனைத் தூக்கி வந்தார்கள். ஓலையை வாங்குகிறவன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் ஏந்த வேண்டும் என்று கல்வெட்டில் இருக்கிறது. நம் ஆள் முழுக்கைச் சட்டை போட்டிருந்ததால் கையை முழங்கை வரை மடித்துவிடச் சொல்லி ஒரே ரகளை. ஒன்றாம் வகுப்பான் ஓலையைக் கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டான். ஒரு கடலை மிட்டாய் செலவு.

வந்த பெயர், வகுப்பில் வாயே திறக்காத பையனுடையது. "ஓட்டுப் போட்டிருந்தால் இவனுக்கு ஒன்றுகூட விழுந்திருக்காது" என்றான் பழைய தலைவன். அது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "இது தேர்தலே இல்லை, குலுக்கல்" என்றாள் அன்று முறைத்தவள். குலுக்கலில் யாரும் காசு கொடுக்க முடியாதே என்று எதிர்த்தரப்பு. ஆள் சரியில்லை என்றால் யாரைக் கேட்பது என்று இவள். மணி அடித்த பிறகும் ஓயவில்லை. இருபது பக்கம் நோட்ஸ் கொடுத்தாலும் இது வராது.

ஜூலை 31, வியாழன்

சவுக்குப் பெண் திங்களிலிருந்து வரவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆசிரியர் பணியிடத்துக்கு இன்றைய மாணவர் எண்ணிக்கைதான் கணக்கு. காலை பதினொன்றரைக்கு மேல்தான் எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறை இணையதளம்) திறந்தது. தலைமையாசிரியை வாய்க்குள்ளேயே எண்ணினார். அந்தப் பெண்ணின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது, ஆள் எந்தத் தோப்பில் இருக்கிறாளோ. என் பணியிடம் நிலைப்பதற்கு அவள் ஒரு எண்ணாகப் பயன்படுவதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ஏன் வராமல் இருக்கிறாள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு தலை குறைகிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாய் திறக்காத தலைவன் நோட்டுப் போட்டுவிட்டான். சாக்பீஸ் வரவு, செலவு, கையொப்பம். வகுப்பின் ஏரி வாரியம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறது. தோட்ட வாரியத்தில் பதவிக்கு அடிதடி, வேலைக்கு ஆள் இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தூக்கம் இல்லை. உபரி என்று எழுதிவிட்டால் எந்த ஒன்றியத்துக்குத் தூக்கிப் போடுவார்களோ. இரண்டு பஸ் மாறுவது பெரிய விஷயம் இல்லை. இங்கே சமூக அறிவியலை அறிவியல் ஆசிரியர் "சேர்த்துப் பார்த்துக்கொள்வார்". நல்ல மனிதர்தான், ஆனால் வினா விடையை எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவார், அவருக்கும் நேரம் எங்கே இருக்கிறது? இந்திய வரைபடத்தின் மேல் கட்டை உடைந்திருக்கிறது. அதை மாட்டும் விதம் எனக்கு மட்டும்தான் தெரியும். நடு இரவில் இதைப் போய் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சள் வேன் இப்போது இரண்டு நடை வருகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்ததும் ஐந்தாறு பேர் கிராம சபைக்குப் போயிருக்கிறார்கள், நான் சொல்லாமலேயே. பின்னால் நின்று வரவு செலவு வாசித்ததைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். தெருவிளக்கு, குடிநீர், மோட்டார் பழுது எல்லாம் புரிந்துவிட்டதாம். "'இதர செலவு' என்றால் என்ன, டீச்சர்?" என்று வீட்டுக்கே வந்து நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

டெல்லி சுல்தான்கள். இல்துத்மிஷ் என்பதை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். நாளை ரஸியா, 1236 முதல் 1240 வரை. முறைத்தவள் பாடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது, நாலு வருடம்தானா என்று இப்போதே சண்டைக்கு வருகிறாள்.

பட்டியல் இன்று இரவு என்கிறார்கள்.