ஓசேஜ் வில்: பட்டறைக் குறிப்புகள்

மார்ச் 8, 2025, சனி

புது வில்லுக்கான கட்டைகளை இன்று எடுத்து வைத்தேன். இரண்டும் ஓசேஜ் ஆரஞ்சு. அமெரிக்காவின் கிழக்கு கான்சஸில் இந்த மரத்தை எல்லாரும் ‘ஹெட்ஜ்’ (உயிர்வேலி) என்றுதான் சொல்வார்கள். 1874-ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கும் முன்பு, மாடு தாண்டாத வேலி வேண்டும் என்றால் விவசாயிகள் இதைத்தான் வரிசையாக நட்டார்கள். 1930-களில் புழுதிக்காற்றைத் தடுக்க மறுபடியும் நட்டார்கள். மரத்தின் சொந்த ஊர் தெற்கே, டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சா மாநிலங்களைத் தொட்டு ஓடும் ரெட் ஆற்றுப் பக்கம். ஓசேஜ் பழங்குடியினர் இதில் செய்த வில்லுக்கு ஐரோப்பியர் வரும் முன்பே பெரிய மதிப்பு இருந்தது.

வேலியில் வளர்ந்த மரம் வளைந்து நெளிந்துதான் வளரும். ஆறடிக்குக் கணு இல்லாத துண்டு கிடைப்பது அபூர்வம். அதனால் 36 அங்குலத்தில் இரண்டு கட்டைகளைப் பிடியில் இணைத்து வில் ஆக்குவது. இரண்டும் ஒரே தண்டில் பக்கத்துப் பக்கத்துப் பிளவாக இருப்பது நல்லது. ஆண்டு வளையங்களின் தடிப்பும் மரத்தின் கனமும் ஒத்துப்போனால் வில்லின் இரண்டு கைகளும், அதாவது பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகளும், ஒரே மாதிரி வளையும். பிடிக்கு மேலே இருப்பதை மேல் கை, கீழே இருப்பதைக் கீழ் கை என்று எழுதுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வெளிறை, அதாவது பட்டைக்கு அடியில் இருக்கும் வெளிர் மரத்தை, முழுக்கச் சீவி எடுத்தாயிற்று. உள்ளே வைரம் (நடுமரம்) மஞ்சள் தூள் கொட்டியதுபோல் பளிச்சென்று இருக்கிறது. வெயில் படப்பட இது பழுப்பாகிவிடும். முதுகுப் பக்கம், அதாவது இழுப்பவருக்கு எதிரே இருக்கும் வெளிப்பக்கம், ஒரே ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு முனைவரை போக வேண்டும், எங்கேயும் அதை அறுக்கக்கூடாது. கணு வருகிற இடத்தில் வளையம் மேடு கட்டி ஏறி இறங்கும், கத்தியும் அதோடு ஏறி இறங்க வேண்டும். மாலை முழுக்க இதே வேலை.

மார்ச் 15, சனி

இன்று இணைப்பு. இந்த நாளுக்குத்தான் நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் வில்லின் நேர்மை பெரும்பாலும் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

இரண்டு கட்டைகளின் அடி முனையிலும் 4 அங்குல ஆழத்துக்கு இசட் (Z) வடிவ வெட்டு. ஒன்றின் கூர் மற்றதன் பள்ளத்தில் இறங்கும். நான்கு அங்குலம் தாராளமாகத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டால் பயம் வரும். வெட்டுக்குள் அரை மில்லிமீட்டர் சாய்ந்தால், 36 அங்குலத்துக்கு அப்பால் முனை நாலரை மில்லிமீட்டர் விலகி நிற்கும். ஆகவே பசை தொடும் முன்பே வெறுமனே பொருத்தி, பார்த்து, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இடுக்கு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பொருந்தியபின் ஒரு முனையின் நடுவிலிருந்து மறுமுனையின் நடுவரை இழுத்துக் கட்டினேன் ஒரு பருத்தி நூல். அது பிடியின் நடுவைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கட்டையின் விளிம்பைப் பார்த்து நேராக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். விளிம்பு எப்படி வேண்டுமானாலும் போகட்டும். என் வில்லின் மேல் கையில் மரத்தின் ரேகை (நார் ஓட்டம்) நடுவில் இடப்பக்கமாக ஒரு நெளிவு நெளிந்து திரும்புகிறது. அதை நேராக்க விளிம்பைச் சீவினால் ரேகை அறுபடும், வில் அங்கேதான் உடையும். மரம் நெளிந்தால் வில்லும் நெளியட்டும். மூன்று புள்ளிகள், அதாவது இரண்டு முனைகளும் பிடியும், ஒரே நூலில் நின்றால் போதும். அழகான பாம்பு வில்களை நான் பார்த்திருக்கிறேன், அம்பு அவற்றிலிருந்தும் நூல் பிடித்தாற்போல்தான் போகிறது.

பக்கவாட்டு நேர் ஒன்று, முறுக்கு இன்னொன்று. முறுக்கைப் பார்க்க இரண்டு நேரான அலுமினியப் பட்டைகளை முனைகளின் மேல் குறுக்கே வைத்து, ஒரு கோடியில் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. கிட்டப் பட்டையின் மேல்விளிம்பும் தூரப் பட்டையின் மேல்விளிம்பும் இணையாக நின்றால் முறுக்கு இல்லை.

அப்புறம் பசை. பசை பூசியதும் மரம் வழுக்க ஆரம்பிக்கும். கிளாம்பை (இறுக்கிப் பிடிக்கும் கருவியை) ஒரேயடியாக இறுக்கினால் நேராக வைத்ததெல்லாம் நகர்ந்துவிடும். லேசாகப் பிடிக்கவிட்டு, நூலையும் பட்டைகளையும் பார்த்து, கொஞ்சம் இறுக்கி, மறுபடி பார்த்து. மகள் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அப்பா, கொஞ்சம் உங்க பக்கம் தள்ளுங்க. இன்னும். ஆ, இப்ப சரி.” ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும்.

மார்ச் 22, சனி

பிடியின் மீது ஒரு துண்டு மரம் ஒட்டி இணைப்பைப் பலப்படுத்தினேன். மேல் கையின் முனை நூலிலிருந்து இன்னும் சற்று விலகி நிற்கிறது, இதற்குச் சூடுதான் மருந்து. ஓசேஜ் காய்ந்த சூட்டில் நன்றாக வளைந்து கொடுக்கும். நெளிவு இருக்கும் இடத்தில் சமையல் எண்ணெய் தடவி, மரப்படிவத்தில் கிளாம்பால் பிடித்து, ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவியை) அசைத்துக்கொண்டே காட்ட வேண்டும். எண்ணெய் மரம் கருகாமல் காக்கும். பிசுபிசுத்துக் கொதிப்பதும் அந்த இனிப்பும் கசப்புமான மணமும் வரும்போது கிளாம்பை ஒரு திருகு திருகலாம். தேவைக்கு மேல் கொஞ்சம் தள்ளி வளைக்க வேண்டும், விட்டதும் மரம் சற்றுத் திரும்பி வரும்.

இணைப்புக்குப் பக்கம் சூடு போகாமல் ஈரத்துணி சுற்றிவைத்தேன், பசை தளர்ந்தால் முதலுக்கே மோசம். முழுக்க ஆறிய பிறகுதான் கிளாம்பை எடுத்தேன். சூடு மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் உடனே நாண் ஏற்றினால் முறியும். ஒரு வாரம் சும்மா கிடக்கட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

தாழ்வாக நாண் ஏற்றினேன், பிடிக்கும் நாணுக்கும் நடுவே 3 அங்குலம். வயிற்றுப் பக்கத்தை, அதாவது நாண் இருக்கும் பக்கத்தை, என்னை நோக்கி வைத்துப் பார்த்தால் நாண் பிடியின் வலப்பக்கமாகப் போகிறது. நாண் இல்லாதபோது நேராக இருந்தது, வளைந்ததும் விலகுகிறது என்றால் இது தடிப்புச் சமாச்சாரம். கை எப்போதும் மெலிந்த பக்கத்துக்குச் சாய்ந்துதான் வளையும். மேல் கையில்தான் கோளாறு. கேலிபர் (தடிப்பு அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன், இட விளிம்பு வல விளிம்பைவிட அரை மில்லிமீட்டர் தடிப்பு. அங்கே விளிம்போரம் ஒரு கணு இருப்பதால் மரத்தை வேண்டுமென்றே கூடுதலாக விட்டிருந்தேன். கணுவைத் தொடாமல் அதற்கு மேலும் கீழும் இட வயிற்றை மட்டும் சுரண்டினேன். சுரண்டிய பிறகு பலமுறை இழுத்து விட்டால்தான் மரம் புது நிலைக்கு வரும், உடனே பார்த்து ஏமாறக்கூடாது. நாண் நடுவை நோக்கி நகர்ந்தது.

நான் வலக்கையால் இழுப்பவன், அம்பு வில்லின் இடப்பக்கம் உரசிப் போகும். நாண் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் பரவாயில்லை, அம்புக்கு வழி எளிதாகும். வலப்பக்கம் சாய்ந்தால் அம்பு பிடியைச் சுற்றி அதிகமாக வளைந்து போக வேண்டிவரும், வில்லும் கையில் திருகும்.

ஏப்ரல் 5, சனி

முழு உயரத்துக்கு நாண் ஏற்றினேன், பிடிக்கும் நாணுக்கும் நடுவே ஆறு அங்குலம். வலப்பக்கம் மிச்சம் இருந்த ஒரு துளி விலகலுக்கு முனைகளைத் தொடவில்லை. பிடியின் இடப்பக்கத்தை மட்டும் 2 மில்லிமீட்டர் இழைத்தேன். பிடியின் நடு வலப்பக்கம் நகர்ந்து நாணுக்குக் கீழே வந்து நின்றது, அம்பு போகும் இடமும் நடுவுக்கு நெருங்கியது.

முனைகளில் நாண் மாட்டும் பள்ளங்களை இன்னும் ஆழப்படுத்தவில்லை, முனைகளிலும் மரம் வைத்திருக்கிறேன். முழு இழுப்பான 28 அங்குலத்துக்குப் போகும்போது எந்தக் கையாவது மறுபடி நகர்ந்தால் திருத்த அந்த மரம் வேண்டும். வில் இப்போது 24 அங்குலம்வரை இழுபடுகிறது, இரண்டு கைகளும் ஒரே வட்டத்தில் வளைகின்றன. அடுத்த வாரம் மீதி நான்கு அங்குலம்.