பல்கலைக்கழக வாசலில் நோட்டீஸ் கொடுக்க நாங்கள் அனுமதி வாங்கிய விதம்

வளாகத்துக்குள் நோட்டீஸ் கொடுக்கக் கூடாது என்று செக்யூரிட்டி தடுத்தால் வாக்குவாதத்தில் இறங்காதீர்கள். எந்த விதி, எந்தத் தேதியிட்ட சுற்றறிக்கை என்று மட்டும் கேளுங்கள். எங்களுக்கு எல்லாமே அந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தில் இணைச் செயலாளராக இருக்கிறேன். துப்புரவு, விடுதிச் சமையல், தோட்டம் பார்ப்பவர்களும் நூலகத்தில் என்னைப் போன்ற டேட்டா என்ட்ரி ஆட்களும் இதில் உறுப்பினர்கள். கடலூர், சிதம்பரம் பக்கத்துத் தோழர்கள் போன் செய்து "உங்களுக்கு எப்படி அனுமதி கிடைத்தது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். இது நடந்தபோது 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமும் பழைய தொழிலாளர் சட்டங்களும்தான் நடப்பில் இருந்தன.

பிரச்சினை பி.எஃப். சம்பளத்தில் பிடித்தம் காட்டினார்கள், பாஸ்புக்கில் பணம் ஏறவில்லை. ஒப்பந்ததாரர் அலுவலகம் வெளியூரில். "அங்கே போய்ப் போராடுங்கள், இங்கே என்ன வேலை?" என்று நிர்வாகத் தரப்பில் சொன்னார்கள். ஆனால் ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது எங்களுக்குப் பல்கலைக்கழகம், தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆவது பிரிவு சொன்னது. பி.எஃப். திட்டத்திலும் அதே பொறுப்பு உண்டு. அதனால் எங்கள் போராட்டத்துக்குரிய இடம் பல்கலைக்கழக வாசல்தான் என்பதில் சங்கத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அனுமதி கேட்க வேண்டுமா என்பதில்தான் பெரிய விவாதம் வந்தது. மில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த மூத்த தோழர் ஒருவர் கோபப்பட்டார். 1936 ஜூலை 30 அன்று இதே ஊரில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர்கள் செத்தார்கள், அப்படி வாங்கிய சங்க உரிமைக்கு இப்போது மனுப் போடுவதா என்று கேட்டார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மெமோ, விசாரணை என்று எதுவும் கிடையாது. கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டால் மறுநாள் வேலை போச்சு. ஒருவர்கூட வேலை இழக்காமல் இதை நடத்த வேண்டும் என்பதால் எழுத்தில் கேட்பது என்று செயற்குழு முடிவு செய்தது.

முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. சங்கத்தின் பெயரில் போட்டால் திருப்பி அனுப்ப இடம் கொடுத்ததாகிவிடும். அந்தச் சட்டத்தில் தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்குத்தான். அதனால் என் பெயரில், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து அனுப்பினேன். வளாகத்தில் கூட்டம், ஆர்ப்பாட்டம், துண்டறிக்கை பற்றி என்னென்ன விதிகள், சுற்றறிக்கைகள் நடப்பில் உள்ளன, அவற்றின் நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். "ஏன் தடுக்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. இருக்கும் ஆவணத்தைக் கேட்டால் 30 நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் தந்தாக வேண்டும். வந்த நகலைப் படித்ததும் எங்களுக்கே ஆச்சரியம். பதிவாளரின் முன் அனுமதி இல்லாமல் கூட்டமோ துண்டறிக்கை வினியோகமோ கூடாது என்றுதான் அதில் இருந்தது. முழுத் தடை எங்கேயும் இல்லை. அதுவரை எங்களிடம் வாய்மொழியாகச் சொல்லி வந்த தடைக்குக் காகிதமே கிடையாது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பேச்சுரிமையும் கூடும் உரிமையும் தரும் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு இருக்கிறது, யாரும் தடுக்க முடியாது என்று பல தோழர்கள் நம்புகிறார்கள். ரயில்வே வாரியம் எதிர் நிரஞ்சன் சிங் வழக்கில், நிர்வாகத்துக்குச் சொந்தமான இடத்தில் கூட்டம் நடத்துவது அடிப்படை உரிமை ஆகாது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுத் தெரு வேறு. ஹிம்மத்லால் ஷா வழக்கில், தெருவில் கூட்டம் நடத்துவதை ஒழுங்குபடுத்தலாம், அதிகாரியின் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது என்பதும் அதே நீதிமன்றத்தின் தீர்ப்புதான். ஆக, நீங்கள் நிற்கும் மண் யாருடையது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

அதனால் நில அளவைத் துறைக்குப் போய், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தின் நகலுக்கு மனுக் கொடுத்தோம். நகல் கிடைத்த அன்று அங்கிருந்த சர்வேயர் பென்சில் முனையால் கோட்டை இழுத்துக் காட்டினார். காம்பவுண்டுச் சுவர் இருக்கும் இடத்தில் எல்லை முடியவில்லை. சுவருக்கு வெளியே ஒரு பட்டை நிலம் பல்கலைக்கழகத்துடையது. வழக்கமாகக் கொடி கட்டும் வேப்பமரமும் அதில்தான் வருகிறது. மறுநாள் மாலை போய்ப் பார்த்தோம். மரத்தடியில் சருகையும் மண்ணையும் காலால் ஒதுக்கியதும் பாதி புதைந்த எல்லைக்கல் தெரிந்தது. அதைத் தாண்டி, டீக்கடையிலிருந்து பஸ் நிறுத்தம் வரை சாலை ஓரம் பொதுப்பணித் துறைக்குச் சொந்தம். எங்கள் இடம் எது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அப்புறம் இரண்டு மனுக்கள். பதிவாளருக்குக் கொடுத்ததில், ஷிப்டு மாறும் நேரத்தில் விடுதிச் சமையலறைப் பின்வாசலிலும் துப்புரவுப் பணியாளர் ஓய்வறை அருகிலும் துண்டறிக்கை கொடுக்க அனுமதி கேட்டோம். வகுப்பறை, நூலகம் பக்கம் வர மாட்டோம், கோஷம் போட மாட்டோம், கொடுப்பவர்கள் அந்த நேரத்தில் பணியில் இருக்க மாட்டார்கள் என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். தபால் பிரிவில் முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் நகரவில்லை. பதில் வரத் தாமதமானபோது நினைவூட்டுக் கடிதத்தில் அந்த ஒப்புகை எண்ணைக் குறிப்பிட்டோம். அப்புறம்தான் கோப்பு நகர்ந்தது.

சாலை ஓரத்தில் ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி கேட்டுக் காவல் நிலையத்துக்குக் கொடுத்த மனுவில் இடத்தின் வரைபடம், நேரம், வருவோர் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர்கள், துண்டறிக்கையின் நகல் எல்லாம் வைத்தோம். "சுதேசி மில் பக்கம் வைத்துக்கொள்ளுங்களேன், எல்லாரும் அங்கேதானே நடத்துகிறார்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். "அங்கே எங்கள் ஆட்கள் யாரும் வேலை பார்க்கவில்லை சார்" என்றார் எங்கள் தலைவி. இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு மனுவைப் படிக்கத் தொடங்கினார். மைக்குக்கு மட்டும் கண்டிப்பாக மறுத்தார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கல்வி நிலையத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க இடம் தருகின்றன. அந்த மண்டலத்தில் மைக்குக்குத் தடை, பறையும் அந்தத் தடையில் வரும். பறை அடிக்கத் தயாராக இருந்த இளைஞர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் சட்டப்படி அவர் சொன்னது சரி.

துண்டறிக்கைக்கு அதிக நேரம் செலவழித்தோம். யார் பெயரையும் எழுதவில்லை. பாஸ்புக்கில் இருப்பதும் சம்பளச் சீட்டில் இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே கட்டத்தில். கீழே அச்சகத்தின் பெயர், ஊர். போலீஸ் முதலில் பார்ப்பது அதைத்தான். காகிதம் கீழே விழுந்தால் அதைப் பெருக்கப் போவது எங்கள் அக்காமார்தான், அதனால் ஒவ்வொரு இடத்திலும் இருவர் சாக்குப் பையோடு நின்று பொறுக்கினார்கள். பிறகு "வளாகத்தை அசுத்தம் செய்தார்கள்" என்று எழுத நிர்வாகத்துக்கு வழியில்லாமல் போனது.

ஆர்ப்பாட்டத்தன்று சாலை ஓரத்தில் வரிசையாக நின்றோம். கேட்டை மறிக்கவில்லை, பேராசிரியர்களின் கார்கள், விடுதிக்குப் போகும் பால் வண்டி எல்லாம் தடையில்லாமல் போயின. செக்யூரிட்டி ஒருவர் ஒவ்வொரு முகமாக மொபைலில் படம் எடுத்தார். சமையலறை அக்கா ஒருவர் முந்தானையால் முகத்தை மறைக்கப் போனார். பக்கத்தில் நின்றவர் அவர் கையைப் பிடித்து இறக்கி, "அனுமதி வாங்கித்தானே நிக்கிறோம், நல்லா எடுக்கட்டும்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத சிலருக்கு ஒரு மாணவி துண்டறிக்கையை வாசித்துக் காட்டினார்.

அதன் பிறகு தொழிலாளர் துறை பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டது. நிலுவையில் ஒரு பகுதி ஏறிவிட்டது, மீதி இன்னும் வர வேண்டும். யாருடைய கேட் பாஸும் பறிபோகவில்லை. அடுத்த முறை உள்ளே துண்டறிக்கை கொடுக்கப் பழைய அனுமதிக் கடிதத்தின் நகலை இணைத்துக் கேட்டோம், சீக்கிரமே கிடைத்தது. ஆனால் தேர்வு நடக்கும் காலம் முழுக்க எங்கும் கொடுக்கக் கூடாது என்று புதிதாக ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள். தேர்வுக்கூடம் பக்கம் வேண்டாம் என்றால் ஏற்கலாம். சமையலறைப் பின்வாசலுக்கும் தேர்வுக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஒரு வரியை நீக்கச் சொல்லிக் கொடுத்த மனு இப்போது பதிவாளர் மேசையில் இருக்கிறது.