கார்டு தேய்க்கும் தேதி ஒன்று, பணம் போகும் தேதி வேறு

சென்ற வருடம் ஜூலை 7ஆம் தேதி என் சேமிப்புக் கணக்கில் 51,000 ரூபாய் இருந்தது. அன்று கிரெடிட் கார்டு பில்லுக்காக ஆட்டோ டெபிட்டில் போக வேண்டிய தொகை 74,000. போகவில்லை. வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ் விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது, நான் பார்த்தது 12ஆம் தேதிதான். அன்றைக்கே ஒரு எஃப்டியை உடைத்து முழுத் தொகையையும் கட்டினேன், ஆனால் மூன்று நாளுக்குள் கட்டியிருந்தால் தாமதக் கட்டணமாவது விழுந்திருக்காது (ரிசர்வ் வங்கியின் விதி அப்படித்தான் சொல்கிறது), அதுவும் கை நழுவிப் போயிருந்தது. வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. அதுவும் கெடு தேதியிலிருந்து கிடையாது, பொருள் வாங்கிய நாளிலிருந்து. ஜூன் 9 அன்று கார்டில் கட்டிய பள்ளிக் கட்டணம் 46,000க்கு மட்டும் 33 நாள் வட்டி 1,747 ரூபாய். மற்ற செலவுகளுக்கான வட்டி, தாமதக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று எல்லாம் சேர்ந்து ஐந்தாயிரத்தை ஒட்டி வந்தது.

பணம் போனதை விட எனக்கு உறுத்தியது வேறு. நான் கணக்கு எழுதாத ஆள் இல்லை. ஆறு வருடமாக க்னூகேஷ் என்ற கணக்கு எழுதும் மென்பொருளில் எழுதி வருகிறேன், பால் காசு உட்பட. ஜூலை 3 அன்று மச்சான் 40,000 ரூபாய் கைமாற்றாகக் கேட்டபோதுகூட, சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கணக்கைத் திறந்து, இந்த மாதம் முழுக்க என் கணக்கு 45,000க்குக் கீழே இறங்காது என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அந்தக் கணிப்பு தப்பு.

அது எப்படித் தப்பாகிப் போனது என்பதற்கு அதற்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது. கணிப்பு வேண்டும் என்று முதன்முதலில் உட்கார்ந்தபோது, மாதா மாதம் வருவது எல்லாவற்றையும் திட்டமிட்ட பதிவுகளாக (உரிய தேதிக்கு மென்பொருளே எழுதிக்கொள்பவை) போட்டேன். மளிகை, பெட்ரோல், மருந்து, மின் கட்டணம், வாடகை, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் போடும் பணம்). கூடவே கார்டு பில் 28,000. ஆனால் மளிகை, பெட்ரோல், மருந்து மூன்றுக்கும் நான் கொடுப்பதே கார்டில்தான். அந்தப் பணம் ஒரு தடவை செலவாகவும், இன்னொரு தடவை பில்லாகவும் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. அக்டோபரில் கணக்கு மைனஸுக்குப் போகும் என்று காட்டியதை நம்பி மூன்று மாதம் எஸ்ஐபியை நிறுத்தி வைத்தேன். பிறகு விஷயம் புரிந்து, அந்தச் செலவுகளைக் கார்டுக் கணக்குக்கு மாற்றினேன். அதுவரை சரி. ஆனால் இரட்டிப்பாக விழுகிறதே என்று பில் கட்டும் பதிவையும் சேர்த்து அழித்துவிட்டேன். அன்றிலிருந்து என் கார்டுக் கடன் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்க, அது என்றைக்குச் சேமிப்புக் கணக்கிலிருந்து வெளியேறப் போகிறது என்று சொல்ல அங்கே ஒரு வரிகூட இல்லை.

கார்டு பில் கட்டுவது செலவே இல்லை. செலவு தேய்த்த அன்றே முடிந்துவிட்டது, பள்ளிக் கட்டணம் ஜூன் மாதச் செலவுதான். ஜூலை 7 அன்று நடப்பது ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் மாறுவது மட்டுமே. வரவுசெலவு அறிக்கையில் அது எங்கேயும் வரக்கூடாது. ஆனால் ரொக்க வரத்துப் போக்கில் அதுதான் மாதத்தின் மிகப் பெரிய நிகழ்வு. இந்த இரண்டு கேள்விக்கும், அதாவது "எவ்வளவு செலவழித்தேன்", "என்றைக்குக் கையில் காசு இருக்காது" என்பவற்றுக்கு, ஒரே தேதியை வைத்துப் பதில் தேடினால் ஏதாவது ஒன்று பொய்யாகத்தான் வரும்.

இப்போது நான் செய்வது இது. கார்டு ஒரு கடன் கணக்கு, ஒவ்வொரு செலவும் தேய்த்த தேதியிலேயே அதில் ஏறும். என் கார்டுக்கு ஸ்டேட்மென்ட் (அதுவரை தேய்த்ததற்கான மாத பில்) வருவது 18ஆம் தேதி, கெடு அடுத்த மாதம் 7. ஆகவே ஒவ்வொரு 7ஆம் தேதிக்கும் சேமிப்பிலிருந்து கார்டுக்கு ஒரு பணமாற்றப் பதிவு, உத்தேசத் தொகை 28,000. அதை 60 நாள் முன்கூட்டியே உருவாக்கும்படி க்னூகேஷில் அமைத்து வைத்திருக்கிறேன். அப்படி முன்கூட்டி உருவாக்காவிட்டால் எதிர்காலத் தேதியில் பதிவே இருக்காது, கணிப்பிலும் வராது, இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. 18ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வந்ததும் உத்தேசத்தை அழித்துவிட்டு பில் தொகையை அப்படியே எழுதுகிறேன். இரண்டு நிமிட வேலை.

பில் தொகை என்பதை அழுத்திச் சொல்கிறேன். செயலியைத் திறந்தால் பெரிய எழுத்தில் தெரியும் மொத்த பாக்கி அது இல்லை. அந்த ஜூனையே எடுத்துக்கொள்ளுங்கள். 9ஆம் தேதி பள்ளிக் கட்டணம் 46,000, 24ஆம் தேதி கார் இன்ஷூரன்ஸ் 14,000. இரண்டும் ஒரே மாதம், ஒரே கார்டு. ஆனால் முதலாவது ஜூன் 18 ஸ்டேட்மென்ட்டில் ஏறி ஜூலை 7 அன்று கட்ட வேண்டியது, இரண்டாவது ஜூலை 18இல் ஏறி ஆகஸ்ட் 7 அன்று கட்ட வேண்டியது. மொத்த பாக்கியை ஜூலை 7இல் போட்டால் கணிப்பு தேவையில்லாமல் பயமுறுத்தும். (நான் 12ஆம் தேதி கட்டியதால் அந்த இன்ஷூரன்ஸ் தொகைக்கும் வட்டியில்லாக் காலம் போய்விட்டது. பழைய பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.)

எப்போதாவது வரும் பெரிய செலவுகளை 28,000க்குள் அடக்கப் பார்க்காதீர்கள். பள்ளிக் கட்டணம் வருகிற மாதத்தில், அது ஏறப்போகும் பில்லின் கெடு தேதிக்கு 46,000க்கு தனியாக ஒரு பணமாற்றப் பதிவு போட்டு வைக்கிறேன், ஸ்டேட்மென்ட் வந்ததும் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வேன். கார்டில் இஎம்ஐயாக மாற்றியது இருந்தால் அதற்கு ஒரு தனிக் கடன் கணக்கு. 36,000 ரூபாய் ஃபிரிட்ஜை 12 தவணையாக மாற்றியிருந்தால் மாதம் 3,000தான் பில்லில் வரும், நோ காஸ்ட் (வட்டி இல்லை) என்று சொன்னாலும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி கொஞ்சம் கூட வரும், அதற்கு இடம் விடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு நான் பார்ப்பது ஒரே ஒரு எண்தான். க்னூகேஷின் கணக்குப் பட்டியலில் ஃபியூச்சர் மினிமம் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது, முதலில் தெரியாது, தலைப்பு வரிசையின் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இனி வரும் பதிவுகளை எல்லாம் கணக்கில் எடுத்து, இந்தக் கணக்கு எவ்வளவு வரை கீழே இறங்கும் என்று அது சொல்லும். மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பது எனக்கு முக்கியமில்லை. சம்பளம் 30ஆம் தேதி வருகிறது, வாடகையும் எஸ்ஐபியும் 5ஆம் தேதி போகின்றன, 7ஆம் தேதி கார்டு. அந்த 7ஆம் தேதி ராத்திரி கணக்கில் என்ன இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

கெடு தேதியே தோதாக இல்லை என்றால் மாற்றிக் கேளுங்கள். பில்லிங் சுழற்சியை (ஸ்டேட்மென்ட் தேதியும் அதையொட்டிய கெடு தேதியும்) ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கியின் விதி கார்டுதாரருக்குக் கொடுக்கிறது. சம்பளம் 7ஆம் தேதி வருகிறவருக்கு 3ஆம் தேதி கெடு வைத்துக்கொண்டு மாதா மாதம் திண்டாட வேண்டியதில்லை.

இன்று காலை கணக்கைத் திறந்தபோது அடுத்த 7ஆம் தேதிக்கு 11,400 என்று காட்டியது. வண்டிக்கு இரண்டு டயர் மாற்ற வேண்டும், ஒன்பதாயிரத்துக்கு மேல் ஆகும். இன்று தேதி 15. மெக்கானிக்குக்கு போன் செய்து, 19ஆம் தேதி காலையில் வண்டியை விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.