மாற்றியங்கள் குழப்புகிறதா? வகைகளை அப்புறம் பார்க்கலாம், முதலில் வரையுங்கள்

பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் மாற்றியம் (ஒரே மூலக்கூறு வாய்ப்பாடு, ஆனால் அணுக்கள் அமைந்த விதம் வேறு) வந்ததும் பலரும் சங்கிலி, இடம், வினைத்தொகுதி என்று வகைகளை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் படித்த காலத்திலும் சரி, இப்போது ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் சரி, வகை கேட்டால் கடகடவென்று சொல்பவர்கள்கூட "ஹெக்சேனுக்கு எத்தனை மாற்றியங்கள்?" என்ற கேள்வியில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பாடம் கைக்கு வருவது வரைந்து வரைந்துதான்.

அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். ஹெக்சேனில் 6 கார்பன், 14 ஹைட்ரஜன். முதலில் ஆறையும் ஒரே சங்கிலியாக எழுதுங்கள். அடுத்து சங்கிலியை ஐந்தாகக் குறைத்து, மிஞ்சிய கார்பனை இரண்டாவதில் ஒட்டினால் 2-மெத்தில்பென்டேன், மூன்றாவதில் ஒட்டினால் 3-மெத்தில்பென்டேன். நான்காவதில்? மறுமுனையிலிருந்து எண்ணிப் பாருங்கள், அது பழைய இரண்டாவதேதான். கடைசிக் கார்பனில் ஒட்டினால் சங்கிலி நீண்டு மறுபடி ஹெக்சேன் ஆகிவிடும், தாளில் வளைத்து வரைந்திருப்பதால் புதிது போலத் தெரியும், அவ்வளவுதான். பிறகு சங்கிலியை நான்காக்கினால் 2,2-டைமெத்தில்பியூட்டேனும் 2,3-டைமெத்தில்பியூட்டேனும் கிடைக்கும். மொத்தம் 5. வரைந்த ஒவ்வொன்றுக்கும் உடனே ஐயுபிஏசி பெயர் (உலகப் பொது விதிப்படி வைக்கும் பெயர்) எழுதிவிடுங்கள், ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்றை அடித்துவிடலாம். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

வரையும் முன் ஹைட்ரஜனை எண்ணுவதும் முக்கியம். கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டினால் வருவதுதான் அதிகபட்ச ஹைட்ரஜன், அதில் 2 குறைந்தால் ஒரு இரட்டைப் பிணைப்பு அல்லது ஒரு வளையம் இருக்கிறது. 4 கார்பன், 8 ஹைட்ரஜன் என்றதும் எல்லாரும் இரட்டைப் பிணைப்புள்ள மூன்று பியூட்டீன்களை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். சைக்ளோபியூட்டேனும் மெத்தில்சைக்ளோபுரப்பேனும் விட்டுப்போகும். அமைப்பு மாற்றியங்கள் (அணுக்கள் இணைந்த வரிசையே வேறு) மட்டும் கேட்டால் 5, புறவெளி மாற்றியங்களையும் (இணைப்பு ஒன்றுதான், இடவெளியில் அமையும் விதம் வேறு) சேர்த்தால் பியூட்-2-ஈன், ஒரே மாதிரித் தொகுதிகள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ் என இரண்டாகி 6. ஆகவே கேள்வியில் எந்த வார்த்தை இருக்கிறது என்று நின்று வாசியுங்கள். பியூட்-1-ஈனுக்கு ஏன் சிஸ், டிரான்ஸ் இல்லை என்றால், அதன் முனைக் கார்பனில் இருப்பவை இரண்டும் ஹைட்ரஜன். இரட்டைப் பிணைப்பின் ஒவ்வொரு கார்பனிலும் உள்ள இரண்டு தொகுதிகளும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் வெறும் எண்ணிக்கை விளையாட்டு இல்லை. எத்தனாலும் டைமெத்தில் ஈதரும் ஒரே மூலக்கூறு வாய்ப்பாடு கொண்டவை, ஆனால் எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, ஈதரோ மைனஸ் 24-லேயே கொதித்துவிடுகிறது. எத்தனால் மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பு இருப்பதுதான் காரணம். இப்படி ஒரு ஜோடியை மனதில் வைத்துக்கொண்டால் வினைத்தொகுதி மாற்றியம், அதாவது ஆல்கஹால், ஈதர் என வினைபுரியும் அணுத்தொகுதியே மாறும் வகை, தானாக நினைவில் நிற்கும்.

ஒளி சுழற்சி மாற்றியத்துக்கு (ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருந்தும் பொருந்தாத வடிவங்கள்) மட்டும் தாள் போதாது. களிமண் உருண்டை ஒன்றில் நான்கு ஈர்க்குச்சிகளைக் குத்தி, நுனிகளில் நான்கு நிற மணிகளை வையுங்கள். அதன் கண்ணாடி பிம்பத்தைப் பார்த்து இன்னொன்று செய்து, இரண்டையும் எப்படித் திருப்பினாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாது. பியூட்டன்-2-ஆலின் இரண்டாவது கார்பன் இப்படித்தான்: ஹைட்ரஜன், ஹைட்ராக்சில், மெத்தில், எத்தில் என நான்கும் வேறு. அதனால்தான் 4 கார்பன், 10 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜனுக்கு 4 ஆல்கஹால், 3 ஈதர் என 7 அமைப்பு மாற்றியங்கள் இருந்தாலும், புறவெளி மாற்றியங்களையும் கணக்கில் எடுத்தால் பியூட்டன்-2-ஆல் இரண்டாகி 8 என்று எழுத வேண்டும்.